ஒன்பது நாள் அழுக்கு

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
மூட்டைகள் வந்து இறங்கின.
கோலகெட்டில், பெரிய சாலை,
மீன் சந்தைக்கு எதிரே என் டோபிக் கடை:
இரண்டு மெஷின், ஒரு டிரையர்,
வெளியே மூன்று நாளாய் விடாத மழை.

இருபத்தொரு பேர் ராஜஸ்தான் போய்
வந்திருக்கிறார்கள்.
இரண்டு வருடக் கூட்டு, மாதம் நூற்றைம்பது வெள்ளி.
நானும் கட்டினேன், பதினெட்டாவது மாதம் வரைக்கும்.
பிறகு டிரையரின் மோட்டார் புகைந்தது.
கட்டியதைத் திரும்ப வாங்கிப் புது மோட்டார் போட்டேன்.
பாலைவனக் காற்றை
ஒரு டிரம்முக்குள் அடைத்து வைத்த மாதிரிதான்,
என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

துணிக்கு வாய் உண்டு. நான் கேட்பதே இல்லை, அதுவாகச் சொல்லும்.
நாகலிங்கம் கிராணியின் வெள்ளைச் சட்டை,
முதுகு முழுக்க நீலம்:
ஜோத்பூரில் ஏதோ வீட்டுச் சுவரில் சாய்ந்து
மன்னர் மாதிரி படம் எடுத்திருக்கிறார்.
டிரசர் அந்தோணிசாமியின் கால்சட்டைப் பையில்
கோட்டை நுழைவுச்சீட்டு நான்கு,
வயிற்றுப்போக்கு மாத்திரை அட்டை ஒன்று,
பத்துக் குழியில் ஒன்பது காலி.
ஆக, எந்தக் கோட்டையையும்
அவர் முழுதாகப் பார்க்கவில்லை.
ஞானப்பூ டீச்சரின் துப்பட்டாவில்
தீப்பொறி தின்ற ஓட்டைகள், கடுகளவு, ஐந்தாறு.
அதன் மடிப்பில் ஒட்டக மயிர்.

எல்லார் காலுறையிலும் ஒரே மணல்.

நாலு மணிக்கு டீச்சர் குடையோடு வந்தார்,
துணி காயவில்லை, உட்கார்ந்தார், கதை சொன்னார்.
வழிகாட்டி ஒரு பையனாம், பன்வர் என்று பெயர்,
கையில் எப்போதும் விரிக்காத மஞ்சள் குடை.
காலை ஆறு மணிக்கு பஸ் வாசலில் நின்று
பெயர்ப் பட்டியல் வாசிப்பானாம்.
பழைய பட்டியல். அதில் நானும் இருந்தேன்.
செண்பகவல்லி என்பது அவன் வாயில்
சம்பக் பல்லி.
பஸ்ஸே குலுங்கிச் சிரித்ததாம்.
அந்தம்மா வரவில்லை என்று
கிராணி இங்கிலீஷில் விளக்கியும்
மறுநாளும் வாசித்தான்.
அச்சடித்த பெயரை அடித்துவிட
அவனுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் நாள், பிக்கானீரில்,
கடைசி சீட்டிலிருந்து யாரோ
"உள்ளேன் ஐயா" என்றார்களாம்.
அதற்கப்புறம் தினமும் யாராவது ஒருவர்.
ஜெய்சல்மேரில் டிரசர்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
பெண் குரலில்.

நான் சோப்புத்தூள் அளந்துகொண்டிருந்தேன்.
அளவு தப்பிவிட்டது.

"அன்றைக்குச் சாயந்தரம் மணல்மேட்டில்
பதினொரு ஒட்டகம்மா, இரண்டு பேருக்கு ஒன்று.
கடைசி ஒட்டகத்தில் நான் மட்டும்.
அது எழுந்தபோது
பின்னால் பிடித்துக்கொள்ள ஆளில்லை.
ஒட்டகக்காரன் இரண்டு பேர் காசு கேட்டான்,
கொடுத்துவிட்டேன்.
நீ எனக்கு நானூறு ரூபாய் தரணும்."

நான் இல்லையென்று சொல்லவில்லை.
சலவைக்கூலியில் கழித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மெஷினின் வடிகட்டியைக் கழற்றினேன்.
சேற்று நிறத்தில், நனைந்து,
கோப்பிக் கரண்டியில் இரண்டு தேறும்.
வாசல் கால்வாயில் தட்டினால்
ஐந்து நிமிடத்தில் ஆற்றுக்குப் போய்விடும்,
செம்பனைத் தோட்டத்துச் சகதியோடு சகதியாக.
கை நீட்டிவிட்டு நின்றேன்.

யாரும் தேடி வராத ஒற்றைக் காலுறை ஒன்று
எந்த டோபிக் கடையிலும் இருக்கும்.
அதில் கொட்டி, வாயை இறுக்கி முடிந்து,
டிரையரில் போட்டு,
என் கடையில் என் காசு ஒரு வெள்ளி போட்டு
ஆறு நிமிடம் சுற்றவிட்டேன்.
தொப்பு, தொப்பு, தொப்பு.
மழைக்கு மேல் அது தனியாகக் கேட்டது.

எடுத்துப் பிடரியில் வைத்துக்கொண்டேன்.
நல்ல சூடு.
ஒரு கையால்தான்
இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினேன்.